நாலு பேருக்கு ஒரு புரோகிராம்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்காக என்னை அழைத்தவர், "உங்களைக் கணினி வல்லுநர் என்று அறிமுகம் செய்யலாமா?" என்று கேட்டார். பதறிப்போய் வேண்டாம் என்றேன். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள் நான். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டாகும். தீபாவளி சமயத்தில் பத்தும் ஆகும். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மறுநாளைக்குக் காய் நறுக்கி வைத்த பிறகு, சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் பழைய லேப்டாப் ஒன்றைத் திறந்துகொண்டு உட்காருவேன். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை. அந்த நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்பதைத்தான் இன்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். புரோகிராம் எழுதுகிறேன். புத்தகத் தமிழில் நிரல். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் தட்டுறது. "அவ தட்டிக்கிட்டு இருக்கா, அப்புறம் கூப்பிடுங்க" என்று அம்மா போனில் சொல்லிவிடுவார்.

இதற்கு யாரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை. நான் எழுதியவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் மொத்தம் நான்கு பேர். அம்மா, சின்ன மாமா, கீழ்வீட்டு அக்கா, அப்புறம் நான். என் அண்ணன் மகன் பெங்களூரில் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறான். பொங்கலுக்கு வந்தவன் என் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "அத்தை, இதை ஆப்பாப் போடுங்க, லட்சம் பேர் இறக்கிக்குவாங்க" என்றான். எனக்கு இருக்கிற நாலு பேரையே என்னால் சமாளிக்க முடியவில்லை. அந்த நாலு பேர் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் இது எப்படித் தொற்றியது என்று சொல்லிவிடுகிறேன். பி.காம். முடித்த பெண் பிள்ளைகள் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவது எங்கள் காலத்து வழக்கம். தமிழில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தேன். அந்தப் பழக்கமே பிற்பாடு என் காலை வாரிவிட்டது, அதற்கு வருகிறேன். கடையில் கணக்குக்குக் கணினி வந்தபோது, மாதக் கடைசியில் பில்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. எக்செல்லில் மேக்ரோ என்று ஒன்று உண்டு, ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் அதுவே திரும்பத் திரும்பச் செய்யும் என்று தணிக்கைக்கு வந்த பையன் ஒருவன் காட்டினான். இரண்டு நாள் வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்தது. அன்று பிடித்த பைத்தியம்.

மேக்ரோ போதாமல் போனதும் பைத்தானுக்கு வந்தேன். அந்த மொழியே ஒருவருடைய பொழுதுபோக்கில் பிறந்ததுதான். நெதர்லாந்தில் கீடோ வான் ராசம் என்பவர் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதைப் போக்க எழுத ஆரம்பித்து, 1991-இல் வெளியிட்டார். பெயரைக் கேட்டுப் பாம்பு என்று நினைக்காதீர்கள். அவருக்குப் பிடித்த பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு ஒன்றின் பெயரில் பாதியை எடுத்து வைத்தார். எனக்கு அதில் பிடித்தது, தப்பு செய்தால் எந்த வரியில் தப்பு என்று சொல்லிவிடும். என் மேலாளர் அதைக்கூடச் சொல்ல மாட்டார்.

முதன்முதலாக வீட்டுக்கு என்று எழுதியது பால் கணக்கு. அடுக்களைச் சுவரில் மாதக் காலண்டர், அதில் நூல் கட்டித் தொங்கும் பென்சில். பால் வராத நாளுக்கு ஒரு சுழி, கூடுதலாக வாங்கிய நாளுக்கு "½". மாதக் கடைசியில் அம்மா மனத்திலேயே கூட்டிப் பால்காரருக்குப் பணம் கொடுத்துவிடுவார். இதை நான் கணினிக்கு மாற்றினேன். விலை மாறினால் அதுவே கணக்கிடும், வருஷத்துக்கு எவ்வளவு என்று படம் வரைந்து காட்டும், என்னவெல்லாமோ செய்யும். அம்மா நாலு நாள் பயன்படுத்தினார். ஐந்தாம் நாள், "இது தொறக்குறதுக்குள்ள பால் பொங்கிருது" என்று பென்சிலுக்குத் திரும்பிவிட்டார். அவர் சொன்னது சரி. அந்தக் காலண்டரை எதுவும் ஜெயிக்க முடியாது. கரண்ட் வேண்டாம், கண்ணாடி வேண்டாம், வீட்டில் யார் வேண்டுமானாலும் போகிற போக்கில் குறிக்கலாம். அந்தப் புரோகிராமை அழித்துவிட்டேன்.

அடுத்தது மொய். இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

தம்பி கல்யாணத்து மொய் மூன்று நீள நோட்டு. எழுநூற்றுச் சொச்சம் பேர். மதுரைப் பக்கத்து நேயர்களுக்கு நான் மொய்யைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஒரு பத்திரிகை வந்தால் நோட்டைப் புரட்டி, அந்த வீட்டார் நமக்கு என்ன செய்தார்கள் என்று பார்த்து, அதற்குக் குறையாமல் செய்ய வேண்டும். நோட்டோ வந்த வரிசையில் எழுதியது. ஒரு பெயரைத் தேட அரை நாள் ஆகும். அந்தப் பொறுப்பு சின்ன மாமாவுடையது. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். சில்லறையில் எப்போதும் ஒரு பைசா பிசகாது, ஆனால் கண் மங்கிவிட்டது. மூன்று மாதம் தினமும் கொஞ்சமாக, நானும் என் மகனும் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினோம். பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொகை. அகரவரிசையில் அடுக்கிப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, பைண்ட் செய்து மாமா கையில் கொடுத்தேன். மாமாவுக்குத் திரையில் தேடுவதில் நம்பிக்கை இல்லை, காகிதம்தான் வேண்டும்.

ஒரு வாரத்தில் போன் வந்தது. "ஏத்தா, அன்பழகன் அஞ்சாயிரம் செஞ்சவன். உன் மெஷின் அவனை முழுங்கிருச்சே!"

போய்ப் பார்த்தேன். அன்பழகன் இருந்தார். ஆனால் மாமா தேடிய இடத்தில் இல்லை. மாமா பழைய பள்ளிக்கூடத்தில் படித்தவர். ன என்பது மெய்யெழுத்தில் கடைசி, ஆகவே அகரத்தில் அன்பு, அன்னம் எல்லாம் கடைசியில்தான் வர வேண்டும் என்று நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போயிருக்கிறார். கணினியோ அன்பழகனை அம்பிகாவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருந்தது. அம்பிகா, அரசு, அழகு, அறிவு, அன்பு. இதுதான் மாமாவின் வரிசை, நம் எல்லோருடைய வரிசையும். கணினியின் வரிசை அன்பு, அம்பிகா, அரசு, அறிவு, அழகு.

ஏன் இப்படி? கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். யூனிகோட் என்கிற உலகத் தரத்தில் தமிழுக்கு 128 கட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கட்டங்களின் அமைப்பு, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1988-இல் இந்தியா வகுத்த ஒரு தரத்தை ஒட்டியது. எல்லா எழுத்துமுறையும் தேவநாகரிக்கு இணையாக ஓட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஆகவே ந-வுக்குப் பக்கத்திலேயே ன, ர-வுக்குப் பக்கத்திலேயே ற, பிறகு ல, ள, ழ, வ என்று போகும். வல்லினம், மெல்லினம் என்று நாம் ஒப்பித்த கடைசி ஆறு எழுத்தும் கலைந்துபோய்விட்டன. இதில் இன்னொரு சங்கடம் புள்ளி. நமக்குக் க் என்பது முதலில், அப்புறம்தான் க, கா, கி. கணினியில் க் என்பது க-வும் ஒரு புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள், அந்தப் புள்ளியின் எண்ணோ எல்லாக் கொம்பு, கால்களுக்கும் பின்னால். ஆகவே வள்ளிக்கு முன்னால் வளர்மதி வந்துவிடுவாள்.

மொய் எழுதிய எழுநூறு பேரையும் மாமாவின் வரிசைக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. கொடி என்ற சொல்லில் நமக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு குறி. முதலில் சொல்லை நம் கணக்குப்படி எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டும். பிறகு ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்குமே 247 எழுத்து அட்டவணை, அதில் அந்த எழுத்து எத்தனையாவது என்று எண் போட வேண்டும். கூடவே ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் கடைசியில். அந்த எண்களை வைத்து அடுக்கினால் அன்பழகன் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். இதற்கெல்லாம் பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன என்று அண்ணன் மகன் சொன்னான். தெரியும். ஆனால் பூ கட்டத் தெரிந்தவள் ஏன் கடையில் கட்டின சரம் வாங்க வேண்டும்?

அத்தோடு முடியவில்லை. ஒரு நாள் சௌந்தரராஜன் வீட்டுப் பத்திரிகை வந்தது. தேடினால் ஆள் இல்லை. இந்த முறை நிஜமாகவே இல்லை. ஆனால் நானே என் கையால் தட்டிய பெயர், எனக்கு ஞாபகம் இருக்கிறது. வானொலியில் இதைச் சொல்வது கொஞ்சம் சிரமம், மனத்தில் எழுதிப் பாருங்கள். சௌ என்பது ஒரே எழுத்து. அதன் வலப்பக்கத்துக் குறி பார்க்க ள மாதிரியே இருக்கும். பழைய தட்டச்சு இயந்திரத்தில் அதற்கென்று தனி விசை கிடையாது. கொம்பைத் தட்டு, ச-வைத் தட்டு, ள-வைத் தட்டு, அவ்வளவுதான். காகிதத்தில் சௌ வந்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்? ஹையர் பாஸ் செய்த என் விரல்கள் கணினியிலும் அதையே செய்திருக்கின்றன. திரையில் பார்த்தால் சௌந்தரராஜன்தான். கணினியின் பார்வையில் அவர் செ-ள-ந்-த-ர-ரா-ஜ-ன். என் மகன் போனில் தட்டிய சௌந்தரங்கள் ஒரு பக்கம், நான் தட்டிய செளந்தரங்கள் இன்னொரு பக்கம். சேர்த்து வைத்தால் ஒரே ஆள்.

இதே கூத்து கொ, கோ வரிசையிலும் உண்டு. அதை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் துளியும் தெரியாது. அதற்கு மருந்து எளிது, பைத்தானிலேயே இருக்கிறது, ஒரே வரி. சௌ-வுக்கு அந்த மருந்து கேட்காது, ஏனென்றால் நான் தட்டியது நிஜமான ள. சரி, எங்கெல்லாம் கொம்புக்குப் பின் ள வருகிறதோ அங்கெல்லாம் ஔகாரக் குறியாக மாற்று என்று ஒரு கட்டளை எழுதி ஓட்டினேன். இரவு பதினொன்றரை. சௌந்தரங்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் சாதிசனத்தில் பாதிப் பேர் ஊனமாகிக் கிடந்தார்கள். வெள்ளைச்சாமி, வெள்ளையம்மாள், வெள்ளலூர்க்காரர்கள். கொம்பு, அப்புறம் ள. கட்டளை அவர்களையும் விடவில்லை. ள போய் ஔகாரம் வந்ததும் அதன் தலையில் இருந்த புள்ளி உட்கார இடமில்லாமல், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தை இழுத்து வைத்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. பிரதி எடுத்து வைக்காமல் ஓட்டியது என் முட்டாள்தனம். நல்ல வேளை, மாமாவிடம் இருந்த அச்சுப்பிரதியைப் பார்த்து மீட்டேன். ள-வுக்கு மேல் புள்ளியோ, பின்னால் வேறு குறியோ இருந்தால் தொடாதே என்று கட்டளையைத் திருத்தினேன். அப்படியும் மீந்த ஐந்தாறு பெயர்களைக் கையாலேயே சரி செய்தேன். அந்த ஐந்தாறுக்காக இன்னொரு விதி எழுதலாம்தான். சில சமயம் கைதான் சுருக்கு வழி.

இப்போது மாமாவிடம் மூன்றாம் பதிப்பு இருக்கிறது. அதிலும் அவர் பேனாவால் ஓரத்தில் ஏதேதோ எழுதி வைக்கிறார். "இவன் தம்பி தனி", "இதுல வாட்ச் உண்டு", "செத்துட்டாரு, மகன் பேருக்கு மாத்து". மாதம் ஒரு முறை போய் அந்த ஓரக்குறிப்புகளை வாங்கி வந்து ஏற்றுவேன். வாட்சுக்கென்று ஒரு தனி நிரல் சேர்த்திருக்கிறேன், பத்தியைச் சொல்கிறேன், புரோகிராமை அல்ல. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வந்து மாட்டிக்கொள்கிறது.

மூன்றாவது ஆள் கீழ்வீட்டு அக்கா. வீட்டுக்காரம்மா. நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் கருப்புத் தொட்டி, இரண்டு வீட்டுக்கும் பொது. மோட்டார் சுவிட்ச் அக்கா வீட்டு அடுக்களையில். தொட்டி நிரம்பியது எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் கொட்டும், பக்கத்து வீட்டார் கத்துவார்கள், அக்கா ஓடிப்போய் நிறுத்துவார். பல வருஷமாக நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் குடிமாறிப் போன பிறகு கத்த ஆள் இல்லை.

நான் தொட்டி மூடிக்கு உள்பக்கம் ஒரு சென்சாரைப் பொருத்தினேன். வௌவால் வேலை செய்யும் சாமான். நொடிக்கு 40,000 அதிர்வு உள்ள ஒலியைக் கீழே அனுப்பும். மனிதக் காதுக்கு 20,000-க்கு மேல் கேட்காது. தண்ணீரில் பட்டு எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லும். தண்ணீர் ஒரு மீட்டர் கீழே இருந்தால், போய்வர ஒரு நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்குகூட ஆகாது. அதிலிருந்து தூரம், தூரத்திலிருந்து லிட்டர். எங்கள் தொட்டியின் விட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றால் ஒன்பதரை லிட்டர். பத்தாம் வகுப்புக் கணக்கு.

கணக்கு சரி, தொட்டிக்குள் இருப்பது கணக்கு இல்லையே. முதல் சென்சார் நீராவியில் நனைந்து இரண்டே மாதத்தில் செத்தது. கார் பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்துமே, அந்த வகையில் ஒன்று வாங்கி மாட்டினேன். அது நனையும், சாகாது. ஆனால் முகத்துக்கு இருபது சென்டிமீட்டர் நெருக்கத்தில் இருப்பது எதுவும் அதற்குத் தெரியாது. ஆகவே அதற்கு முன்பே தொட்டி நிறைந்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு பல்லி மூடிக்குள் குடியேறியது. அது குறுக்கே போகும்போதெல்லாம் தொட்டி ஒரே நொடியில் நிரம்பிவிடும். ஐந்து தடவை அளந்து, சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கி, நடுவில் நிற்கும் எண்ணை மட்டும் எடு என்று மாற்றினேன். சராசரி எடுத்தால் ஒரு பல்லி மொத்தத்தையும் தன் பக்கம் இழுத்துவிடும். நடு எண்ணில் பல்லியின் பாச்சா பலிக்காது.

கத்திரி வெயிலில்தான் பெரிய வேடிக்கை. மதியம் இரண்டு மணிக்கு, மோட்டார் போடாமலேயே, தொட்டியில் முப்பது லிட்டர் ஏறியிருக்கிறது. இரவு யாரும் குழாயைத் திறக்காமலேயே அந்த முப்பது லிட்டர் இறங்கியிருக்கிறது. தினமும் இப்படி. எங்கேயோ ஒழுகுகிறது என்று என் கணவர் பிளம்பரைக் கூட்டி வந்துவிட்டார். பிளம்பர் தொட்டியைத் தட்டிப் பார்த்தார், குழாயை முறுக்கிப் பார்த்தார், டீ குடித்தார், ஒழுகவில்லை என்றார். ஏறுவதை யாரும் விசாரிக்கவில்லை, இறங்குவது மட்டும்தான் எல்லோர் கண்ணையும் உறுத்தியது. நாலு நாள் கழித்து, கடையில் நூல் சேலைக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. சூட்டில் ஒலி வேகமாகப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். இரவுக்கும் மதியத்துக்கும் கருப்புத் தொட்டிக்குள் இருபது டிகிரி வித்தியாசம் என்றால் வேகத்தில் பன்னிரண்டு மீட்டர், அதாவது நூற்றுக்கு மூன்றரை. எதிரொலி சீக்கிரம் வந்துவிடுகிறது, என் புரோகிராம் தண்ணீர் கிட்டே வந்துவிட்டதாக நினைக்கிறது. மூன்றரை சென்டிமீட்டர், முப்பது லிட்டர். ஒரு வெப்பமானியை மாட்டி ஒரு வரியைத் திருத்தினேன். அன்று இரவு தட்டுக் கழுவும்போது பாட்டுப் பாடியதாக மகன் சொல்கிறான். நான் ஒப்புக்கொள்வதில்லை.

அக்காவுக்கு லிட்டர் கணக்கு எதற்கு? அவர் அடுக்களையில் இரண்டு விளக்கு வைத்தேன். தண்ணீர் இருந்தால் பச்சை, தீர்ந்துபோனால் சிவப்பு. மறுநாளே தொட்டி காலி, அக்கா மோட்டார் போடவில்லை. கேட்டால், "சிவப்பு எரிஞ்சுச்சும்மா, அதான் நிறுத்தி வச்சிருந்தேன்" என்றார். எனக்குத் தொட்டி முக்கியம், அவருக்கு சுவிட்ச் முக்கியம். சிவப்பு என்றால் நிறுத்து, பச்சை என்றால் போடு. ரோட்டிலும் அப்படித்தானே. மாற்றிப் போட்டேன், அதன் பிறகு ஒரு புகாரும் இல்லை. மோட்டாரையே நேராக அந்தச் சென்சாரோடு இணைத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பல்லி சொல்வதைக் கேட்டு மோட்டார் ஓட வேண்டாம் என்பது என் கட்சி. தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டாரின் கம்பிச்சுருள் கருகினால் செலவு அக்காவுக்கு, பேச்சு எனக்கு.

அப்புறம் அம்மா. பால் கணக்கில் என்னைத் தோற்கடித்தவர், தானாகவே ஒரு வேலை சொன்னார். அப்பாவின் திதி. ஆவணி மாதம், தேய்பிறை சப்தமி. ஒவ்வொரு வருஷமும் அது எந்தத் தேதியில் வருகிறது என்று ஐயரிடம் கேட்க வேண்டியிருக்கிறது, நான் லீவு முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது. "உன் பொட்டியில வருமா பாரு" என்றார்.

வரும். சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளியைப் பன்னிரண்டு பன்னிரண்டு டிகிரியாகப் பிரித்தால் திதி. மொத்தம் முப்பது. ஆனால் நிலா சீராக ஓடுவதில்லை. சில திதி 20 மணி நேரத்தில் முடிந்துவிடும், சில 26-ஐத் தாண்டும். சராசரி ஓட்டத்தின் மேல் திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முதல் திருத்தம் மட்டுமே ஆறு டிகிரிக்கு மேல், அதை விட்டால் அரைத் திதி பிசகும். நான் அதையெல்லாம் ஒழுங்காகச் சேர்த்துவிட்டு, நேரத்தில் கோட்டை விட்டேன். சூத்திரம் கிரீன்விச் நேரத்தில் சொல்கிறது, நாம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு அது தெரிந்தது.

அதைச் சரி செய்த பிறகும் சில தேதிகள் ஐயர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. ஐயரிடமே போய்க் கேட்டேன். "நீங்க திருக்கணிதம் போட்டிருக்கீங்கம்மா, நாங்க வாக்கியம்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு போனதில் எனக்குப் பல இரவுத் தூக்கம் போயிற்று. வாக்கியப் பஞ்சாங்கம் என்றால் உண்மையிலேயே வாக்கியம்தான். நிலா பூமியை விட்டு மிகத் தள்ளிப் போகும் இடத்திலிருந்து கிளம்பி ஒன்பது சுற்று முடிக்க 248 நாள். நாளுக்கு ஒன்றாக 248 சொற்றொடர். ஒவ்வொன்றின் எழுத்துகளையும் எண்ணாக மாற்றினால் அன்றைக்கு நிலா எங்கே என்று வரும். வரருசி என்ற பழங்கால வானியலாளர் பெயரில் வழங்குகிறது. மனப்பாடம் செய்துகொண்டால் போதும், சூத்திரம் தேவையில்லை. புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும், லுக்அப் டேபிள். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல் விடையை முன்பே அடுக்கி வைத்துக்கொள்வது. நாங்களும் இன்று அதைத்தான் செய்கிறோம்.

சென்னை வானாய்வகத்தில் இருந்த ஜான் வாரன் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். புதுச்சேரியில் அவர் கண்ட ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, மனப்பாடமாக இருந்த சொற்களைச் சொல்லிக்கொண்டே 1825-இன் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினாராம். கையில் தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. நான் சோழி வைத்துப் பல்லாங்குழிதான் ஆடியிருக்கிறேன். அதைப் படித்த இரவு லேப்டாப்பை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்னுடைய நினைவகம் எட்டு ஜிபி.

அந்த 248 சொற்றொடர்களையும் தட்டி ஏற்றி, இப்போது என் புரோகிராம் இரண்டு கணக்கும் சொல்லும். பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளைக் காட்டும். சில வருஷம் திதி முடியும் நேரம் சில மணி வேறுபட்டு, நாளே மாறிவிடும். எது சரி என்று அம்மாவிடம் விளக்க உட்கார்ந்தேன். ஆகாயத்தில் நிலா நிஜமாக எங்கே இருக்கிறதோ அதைத் திருக்கணிதம் சொல்கிறது, வாக்கியம் பழைய அட்டவணை, ஆனால் நம் ஊர்க் கோயில்கள் பலவற்றில் அதைத்தான் பார்க்கிறார்கள், என்றெல்லாம். அம்மா கேட்டுக்கொண்டே எழுந்து, அடுக்களைக் காலண்டரில் அந்தப் பென்சிலை எடுத்து, ஒரு தேதியில் "ஐயர்" என்றும் அடுத்த தேதியில் "பாப்பா" என்றும் எழுதினார்.

போன ஆவணியில் அப்படித்தான் ஆனது. முதல் நாள் ஐயர் வந்து முறைப்படி எல்லாம் செய்து கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது மொட்டை மாடியில் அம்மா குரல் கேட்டது. போய்ப் பார்த்தேன். தொட்டி மூடியின் மேல், என் சென்சாருக்குப் பக்கத்தில், வாழையிலையில் சோறும் வடையும் வைத்து, கா கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வணக்கம்.